பழைய சோல் 45 தேடப் போறீங்களா? முதல் தடவை ரெக்கார்டு ஃபேர் போறவங்களுக்கு

இங்கிலாந்துல மான்செஸ்டர், விகன் பக்கம் நார்தர்ன் சோல்னு ஒரு பைத்தியம் உண்டு. சோல்ங்கிறது அமெரிக்கக் கறுப்பின மக்களோட பாட்டு வகை. 60கள்ல அமெரிக்காவுல வந்து யாரும் சீண்டாம போன சோல் சிங்கிள்களை, அதாவது பக்கத்துக்கு ஒரு பாட்டு இருக்கிற, நிமிஷத்துக்கு 45 சுத்து சுத்துற சின்ன இசைத்தட்டுகளை (அதனாலதான் 45னு பேரு), தேடிப் புடிச்சு ராத்திரி முழுக்க போட்டு ஆடுறது. இதுக்குப் பேர்போன டான்ஸ் கிளப்பான விகன் கேசினோ 1973ல ஆரம்பிச்சு 1981ல மூடியே போச்சு, ஆனா தேடுற கூட்டம் இன்னும் அப்படியேதான் இருக்கு, அந்தக் கூட்டத்துக்கு நடுவுல முழங்கையால இடிச்சுத்தான் நாம ரெக்கார்டு ஃபேர்ல, அதாவது பழைய இசைத்தட்டு விக்கிற சந்தையில, பெட்டியைப் பார்க்கணும்.

முதல்ல பை. சில்லறையா காசு, சின்ன டார்ச், பேட்டரில ஓடுற குட்டி பிளேயர். அமெரிக்க 45க்கு நடுவுல பெரிய ஓட்டை இருக்கும், ஒன்றரை இன்ச், அதனால அந்த ஓட்டையை அடைக்கிற அடாப்டரை மறந்துராதீங்க, நான் ஒரு தடவை மறந்துட்டு பிளேயரைச் சும்மா சுமந்துட்டு வந்தேன்.

அடுத்தது லேபிள், அதாவது தட்டு நடுவுல கம்பெனி பேரோட இருக்கிற வட்டத் தாள், அதைப் படிக்கிறது. மோட்டவுன்ங்கிறது பெரிய அமெரிக்க சோல் கம்பெனி, பிரிட்டன்ல டாம்லா மோட்டவுன்ங்கிற பேர்ல அதோட லேபிள் வந்ததே 1965 மார்ச்லதான். 1963ல வந்த பாட்டு அந்த லேபிள்ல கிடைச்சா அது பின்னாடி அடிச்சதுன்னு வெச்சுக்கோங்க. இன்னொரு அமெரிக்க சோல் கம்பெனியான ஸ்டாக்ஸ்னா வெளிர் நீலம் பழசு, விரல் சொடுக்குற படம் போட்ட மஞ்சள் லேபிள் 1968ல அதோட தட்டுகளை விநியோகம் பண்ணின அட்லாண்டிக் கம்பெனியை விட்டுப் பிரிஞ்ச பிறகு வந்தது. இது ரெண்டும் மனசுல இருந்தா பாதி வேலை முடிஞ்சுது.

மீதிப் பாதி லேபிளுக்கும் பாட்டு முடியிற இடத்துக்கும் நடுவுல இருக்கிற வெறும் வளையத்துல இருக்கு. டார்ச்சை சாய்ச்சு அடிச்சா மேட்ரிக்ஸ் நம்பர், அதாவது தட்டுலயே பொறிச்ச அடையாள எண், தெரியும். சின்ன முக்கோணமும் பக்கத்துல நம்பரும் இருந்தா லாஸ் ஏஞ்சல்ஸ் மோனார்க் ஆலையில அடிச்சது. 70கள்ல திருட்டுப் பிரதி ஏகப்பட்டது வந்திருக்கு, லேபிளை அச்சு அசலா போட்டுருவான், இந்த வளையத்துலதான் மாட்டுவான். அதனால அசலோட நம்பரை போன்ல முன்னாடியே சேவ் பண்ணி வெச்சுக்கிட்டு ஒப்பிட்டுப் பாருங்க.

அப்புறம் ஸ்டைரீன். நிறைய அமெரிக்க 45 வினைல்லயே இல்ல, ஸ்டைரீன்ங்கிற வேற ஒரு பிளாஸ்டிக்ல வார்த்தது, விரலால தட்டினா டக்குனு கெட்டியா சத்தம் வரும், லேபிள் மேல ஒட்டின மாதிரி இருக்கும். மோசமான ஊசி பட்டா ஊசி ஓடுற காடி தேஞ்சுரும், ஆனா கண்ணுக்குத் தெரியாது. நான் முதல்ல வாங்கினது கண்ணாடி மாதிரி பளபளன்னு இருந்துச்சு, வீட்டுக்கு வந்து போட்டா பாட்டு பூரா கரகரன்னு, பாடுறவர் குரல் உச்சத்துக்குப் போற இடமெல்லாம் கிழிஞ்சுது. 15 பவுண்டு போச்சு. நேர்மாறா, மேல கீறல் தெரிஞ்சாலும் வினைல் நல்லாவே பாடும், லேசா கடுகு வெடிக்கிற சத்தம் வரும், அவ்ளோதான். அதனால கேட்காம வாங்காதீங்க, பிளேயர் போடவான்னு கேட்டா பெரும்பாலும் யாரும் முகம் சுளிக்க மாட்டாங்க.

கண்ணு மட்ட உயரத்துல புடிச்சு வளைஞ்சிருக்கான்னும் ஒரு பார்வை.

விலை விஷயம். பாடகர் ஃபிராங்க் வில்சனோட 1965 சிங்கிள் ஒண்ணு 2020ல 1 லட்சம் பவுண்டுக்குப் போச்சு, மோட்டவுன் அதை வெளியிடாமலே அழிச்சதுல தப்பிச்சது விரல் விட்டு எண்ணுற அளவுதான். அது உங்க பெட்டில கிடைக்காது, கனவு காணாதீங்க. அதே பாட்டை 1979ல டாம்லா மோட்டவுன் பிரிட்டன்ல வெளியிட்டுச்சு, ஆட அது போதும்.

சுவர்ல தொங்குற விலை கூடின தட்டுகளை ரசிச்சுட்டு நேரா மேசைக்கு அடியில குனியுங்க. வகை பிரிக்காத மலிவுத் தட்டுப் பெட்டி அங்கதான் இருக்கும், முட்டி வலிக்கும், பரவாயில்ல. சாயங்காலம் ஸ்டால்காரங்க மூட்டை கட்டுற நேரத்துல நாலஞ்சைக் கையில அடுக்கிட்டு மொத்தமா எவ்ளோன்னு கேளுங்க, திருப்பி வண்டியில ஏத்துறதை விட உங்ககிட்ட தள்ளிவிடுறதுதான் அவங்களுக்கும் சௌகரியம்.