கடைப் பலகைக்குப் புடைப்பெழுத்து: வெட்டி, வண்ணம் பூசி, மாட்டுவது வரை

சித்தி தன் தையல் கடையைத் தெருவின் எதிர்ச்சாரிக்கு மாற்றியபோது, பெயர்ப்பலகையை நான் செய்து தருகிறேன் என்று பொறுப்பெடுத்துக்கொண்டேன். ஃப்ளெக்ஸ் அடித்தால் ஒரே நாளில் முடிகிற வேலைதான். ஆனால் எங்கள் தெரு ஃப்ளெக்ஸ்களில் சிவப்பெல்லாம் வெளுத்து, ஓரங்கள் கிழிந்து தொங்குவதைத் தினமும் பார்க்கிறேன். அவள் கடைக்கு அது வேண்டாம் என்று தோன்றியது. அதனால் எழுத்துகளைத் தனித்தனியாக வெட்டி, வண்ணம் பூசி, பலகையில் துருத்தி நிற்கும்படி மாட்டுகிற புடைப்பெழுத்து முறையை எடுத்துக்கொண்டேன்.

எழுத வேண்டியது 'தையலகம்'. ஐந்தே எழுத்து. நான்கு முதல் முறையிலேயே சரியாக அமைந்தன. 'ம்' மட்டும் கழற்றி மறுபடி மாட்ட வேண்டியதாயிற்று. அந்த இடம் வரும்போது விரிவாகச் சொல்கிறேன்.

கை நடுங்குமே என்று தயங்குகிறவர்களுக்கு இந்த முறை நல்லது. சுவரில் நேரடியாக எழுதுகிற ஓவியருக்கு ஓரம் பிசகாத கை வேண்டும். வெட்டி மாட்டும் எழுத்தில் ஓரத்தை ரம்பமும் உப்புத்தாளுமே தீர்மானித்துவிடும். பிரஷ் பரப்பை நிரப்பினால் போதும்.

1. அளவும் வரைவும்

சாலையைக் கடந்து எதிர்ப்புறம் நின்று பாருங்கள். பத்தடி தூரத்துக்கு ஓர் அங்குல உயரம் என்பது பலகைத் தொழிலில் புழங்கும் கணக்கு. அது ஆங்கிலப் பெரிய எழுத்துக்குப் போதும். 'தை'யின் முன்னால் வரும் இரட்டைச் சுழி அந்த அளவில் அடைந்துபோகும். அதனால் நான் இரட்டிப்பாக வைத்தேன்: 40 அடிக்கு 8 அங்குலம். கோட்டின் தடிமன் ஓர் அங்குலம்.

ஆங்கிலமும் வேண்டுமென்றால் இப்போதே இடம் ஒதுக்குங்கள். 1948ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் விதிகளில் 15ஆவது விதிப்படி தமிழ்தான் மேலே, முதன்மையாக இருக்க வேண்டும். தமிழ், ஆங்கிலம், பிற மொழி என்று 5:3:2 அளவில் பிரிப்பது வழக்கம்.

பழுப்புத்தாளில் முழு அளவில் வரையுங்கள். கணினி எழுத்துருவை அப்படியே பெரிதாக்கி அச்சிடுவது எனக்குப் பிடிப்பதில்லை. மெல்லிய சந்துகளில் ரம்பம் நுழையாது. வரைந்ததும் கார்பன் வைத்து இன்னொரு பிரதி எடுத்துவிடுங்கள். ஒன்று வெட்டுவதற்கு, மற்றொன்று மாட்டுவதற்கு. வெட்டும்போது முதல் தாள் துண்டு துண்டாகிவிடும்.

2. வெட்டுதல்

எழுத்துக்கு 12 மி.மீ. பிவிசி ஃபோம் போர்டு, அதாவது எடை குறைந்த பிளாஸ்டிக் பலகை. 8க்கு 4 அடி ஷீட்டாக வரும். வெட்டிக் கொடுக்கும் கடையில் கேட்டால் சிறு துண்டும் கிடைக்கும். பிளைவுட்டும் ஆகும், ஆனால் அதன் வெட்டுமுகம் மழைநீரைக் குடித்து உப்பும்.

ஜிக்சா என்கிற கைமின் ரம்பத்தில் பொடிப்பல் பிளேடு போட்டு, வேகத்தைக் குறைத்து ஓட்டுங்கள். வேகம் கூடினால் பிவிசி உருகிப் பிளேடின் பின்னாலேயே ஒட்டிக்கொள்ளும். 'க'வின் வயிறு, 'தை'யின் சுழி போன்ற உள்வெட்டுகளுக்கு முதலில் டிரில்லில் துளை போட்டு, அதற்குள் பிளேடை இறக்க வேண்டும். பிறகு 120ஆம் எண் உப்புத்தாள், அதன்பின் 220. வெட்டுமுகத்தை விரலால் தடவிப் பார்த்துத் தேயுங்கள். கண்ணுக்குத் தெரியாத பல்தடம் பெயின்ட் ஏறியதும் பளிச்சென்று தெரியும்.

3. வண்ணம்

முகப்பின் பளபளப்பு போகத் தேய்த்து, துடைத்து, பிளாஸ்டிக்குக்கு உரிய பிரைமர் ஒரு கோட். எழுத்தின் பக்கவாட்டை அரை அங்குலத் தட்டை பிரஷ்ஷால் முதலில் முடியுங்கள், முகப்பு கடைசி. வரிசை மாறினால் வழிந்த பெயின்ட் முகப்பில் வரப்பாக நிற்கும். முகப்புக்கு 4 அங்குல ஃபோம் ரோலர்தான் என் தேர்வு. பிரஷ் கோடே விழாது. மெல்லிய பூச்சாக இரண்டு, நடுவில் ஓர் இரவு காய வேண்டும். பக்கவாட்டுக்கு முகப்பைவிட ஒரு படி அடர்ந்த நிறம் கொடுத்தால் மேகமூட்டமான நாளிலும் எழுத்து எழும்பி நிற்கும். நான் முகப்புக்கு அரக்கு, பின்பலகைக்குச் சந்தன நிறம் பூசினேன்.

4. புள்ளி

எழுத்துகளைப் பலகையிலிருந்து 10 மி.மீ. தூக்கி மாட்டினேன். வெட்டி மீந்த துண்டுகளையே அந்தக் கனத்துக்குத் தேய்த்து, எழுத்துக்கும் பலகைக்கும் நடுவே முட்டாக வைத்தேன். எழுத்து மிதப்பதுபோல அழகாக இருந்தது. 'ம்'மின் புள்ளிக்கும் அதே தூக்கல். புள்ளிக்கும் எழுத்துக்கும் நடுவே 12 மி.மீ. சந்து. தாளில் அது கச்சிதமாகத் தெரிந்தது.

மாட்டியது மார்கழியில். கடை தெற்கு பார்த்தது. உச்சிவேளையில் எதிர்ப்புறம் நின்று பார்த்தால் புள்ளியையே காணோம். 'ம'வின் மண்டையில் ஒரு கட்டி முளைத்ததுபோல இருந்தது. கிட்டப் போய்ப் பார்த்ததும் புரிந்தது: புள்ளியின் நிழல் சந்து முழுவதையும் மூடியிருந்தது.

கணக்கு எளிது. மதுரைப் பக்கம் மார்கழி உச்சியில் சூரியன் ஏறத்தாழ 57 பாகை உயரத்தில், தெற்கே நிற்கும். அந்த வெயிலில் தெற்குச் சுவரில் விழும் நிழல், பொருள் துருத்தும் அளவைப்போல ஒன்றரை மடங்கு இறங்கும். 12 மி.மீ. தடிமனும் 10 மி.மீ. தூக்கலும் சேர்ந்தால் 22, நிழல் 33. என் சந்தோ 12 மட்டும்.

புள்ளியை 5 மி.மீ. ஷீட்டில் வெட்டி, முட்டில்லாமல் பலகையோடு ஒட்டினேன். சந்தைக் கோட்டின் தடிமன் அளவுக்கு, அதாவது 25 மி.மீ. ஆக்கினேன். இப்போது நிழல் 8 மி.மீ.தான், மீதி 17 மார்கழி உச்சியிலும் வெளிச்சமாக இருக்கிறது. எழுத்தைவிடப் புள்ளி தாழ்ந்திருப்பது சாலையிலிருந்து தெரிவதே இல்லை. மேற்குப் பார்த்த கடையென்றால் இன்னும் கவனம் வேண்டும்: மதியம் தாண்டியதும் வெயில் சுவரை ஒட்டி இறங்கும், நிழல் பல மடங்கு நீளும். எதையும் ஒட்டுவதற்கு முன் புளூடேக்கால் (ஒட்டி எடுக்கக்கூடிய களிம்புப் பசை) தற்காலிகமாகப் பதித்து, ஒரு பகல் முழுக்கப் பாருங்கள்.

5. மாட்டுதல்

இரண்டாவது பிரதியைப் பலகையில் ஒட்டி, எழுத்துகளின் இடத்தைப் பென்சிலால் குறியுங்கள். முட்டுகளை ஒட்ட நியூட்ரல் சிலிக்கோன் பசை. கூடவே பலகையின் பின்னாலிருந்து ஸ்க்ரூ. பலகை 12, முட்டு 10, எழுத்துக்குள் 8 என்று 30 மி.மீ. ஸ்க்ரூ சரியாக வரும். இரட்டைப்பக்க டேப்பை மட்டும் நம்பாதீர்கள், வெயிலில் இளகிவிடும். மேலே ஏறுவதற்குமுன் மின்கம்பி எங்கே போகிறதென்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பின்சேர்க்கை

பெயின்ட்டில் டர்பன்டைனுக்குப் பதில் தின்னர் கலந்ததால் போர்டின் மேற்பரப்பு கொழகொழத்துவிட்டது என்று இதைப் படித்துச் செய்துபார்த்த ஒருவர் எழுதியிருந்தார். நான் சொல்லாமல் விட்டது தவறு. தின்னர் பிவிசியை அரிக்கும். பிரஷ் கழுவக்கூட அதைப் பக்கத்தில் வைக்காதீர்கள்.

மேற்குப் பார்த்த மளிகைக் கடைக்குக் கறுப்பு எழுத்து வைத்த இன்னொருவருக்கு, கொம்பின் நுனி சித்திரையில் மேலே வளைந்துவிட்டது. கறுப்பு வெயிலை இழுக்கும், சூட்டில் பிவிசி இளகும். நீண்ட கொம்புகளுக்கு நுனியிலும் ஒரு ஸ்க்ரூ போடுங்கள். இல்லையென்றால் அடர்ந்த பின்பலகையில் வெளிர் எழுத்து வையுங்கள். புள்ளியை விழுங்கும் நிழலும் அதில் அவ்வளவாகத் தெரியாது; ஆனால் புடைப்பும் கொஞ்சம் மங்கும். சித்தி கடைக்கு நான் அரக்கையே விட்டுவைத்திருக்கிறேன்.