ஏசிஎல்லை இழுத்துப் பார்ப்போம்: ஃபெபயோவில் முதல் மாடல்

எடுத்த எடுப்பில் முழு முழங்காலையும் மாடல் செய்யப் போகாதீர்கள். நான் போய் இரண்டு வாரத்தைத் தொலைத்தேன். ஒரே ஒரு லிகமென்ட் (எலும்போடு எலும்பைக் கட்டும் நார்ப்பட்டை), முழங்காலுக்குள் இருக்கும் ஏசிஎல், அதுவும் வெறும் செவ்வகப் பட்டையாக, அது போதும்.

மென்பொருள் ஃபெபயோ ஸ்டூடியோ. வடிவத்தைச் சிறு துண்டுகளாகப் பிரித்து, இழுத்தால் என்ன விசை வரும் என்று கணக்கிடும். இலவசம். மென்திசுக்களுக்கான பொருள் மாடல்கள் உள்ளேயே இருக்கின்றன. கல்லூரியில் பழகிய பெரிய மென்பொருள்களிலும் செய்யலாம்தான், ஆனால் எனக்கு அவற்றில் பொறுமை இல்லை.

1. பட்டை: நீளம் 32 மி.மீ., அகலம் 11, தடிமன் 4. நீளம் இசட் அச்சில். ஹெக்ஸ் மெஷ் போடுங்கள், அதாவது செங்கல் வடிவத் துண்டுகள் (எலிமென்ட்கள்). நாலு முனை டெட் (நான்முகித் துண்டு) வேண்டாம். கன அளவு மாறாத பொருளில் அது தேவையில்லாமல் விறைத்துக்கொள்ளும்.

2. பொருள்: டிரான்ஸ் ஐசோ மூனி-ரிவ்லின், அதாவது மென்மையான அடிப்பொருளுக்குள் ஒரே திசையில் நார் ஓடும் மாடல். சி1, சி2 அடிப்பொருளுக்கு; சி3, சி4, சி5 நாருக்கு; லாம்ப்டா மேக்ஸ் நார் நிமிரும் நீட்சி விகிதம்; கே கன அளவு மாறாமல் தடுப்பது. சி1 = 1.95, சி2 = 0, சி3 = 0.0139, சி4 = 116.22, சி5 = 535.04, லாம்ப்டா மேக்ஸ் = 1.046, கே = 73.2. நீளம் மி.மீ., அழுத்தம் மெகாபாஸ்கல் என்றால் விசை நியூட்டனில் வரும். சுருண்டு கிடக்கும் கொலாஜன் நார் 4.6% நீட்சிக்குள் நிமிர்ந்துவிடும். அதற்கு மேல் சி5தான் ஆள்கிறது.

3. ஒரு முனையைப் பூட்டி, மறுமுனையை 2 மி.மீ. இழுங்கள். பூட்டிய முனையின் எதிர்விசையைப் பாருங்கள்.

எனக்கு வந்தது ஏறத்தாழ 30 நியூட்டன். ரப்பர் பேண்டு கணக்கு! ஒரு நாள் முழுக்க எண்களைத் திருகினேன். சி5ஐ இரட்டிப்பாக்கியும் விசை அசையவில்லை. அப்போதுதான் உறைத்தது: நாருக்கு இதில் வேலையே இல்லை. நார்த்திசை 'லோக்கல்' என்று இருந்தது. அதாவது எலிமென்டின் முனை எண் வரிசையை வைத்துத் திசை முடிவாகும். என் மெஷ்ஷில் அது அகலவாக்கில் போய் நின்றிருந்தது. இழுக்கும்போது பட்டை அகலத்தில் சுருங்குமல்லவா, சுருங்கும் நார் விசை தராது. 'வெக்டர்' என்று மாற்றி 0, 0, 1 கொடுத்தேன். விசை 500 நியூட்டனைத் தொட்டது, 2 மி.மீ.க்கு அது மி.மீ.க்கு ஏறத்தாழ 250. 1991இல் வெளியான சோதனையில் இளவயதினரின் ஏசிஎல் விறைப்பு மி.மீ.க்கு 242 நியூட்டன். சரி, அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறோம்.

ரன் கொடுக்கும் முன் நார்க்கோடுகளைத் திரையில் வரவழைத்துக் கண்ணால் பார்த்துவிடுங்கள்.

பின்சேர்க்கை: பட்டைக்குப் பதில் எம்ஆர்ஐ ஸ்கேனில் எடுத்த வடிவத்தைப் போட்டால் விசை குறைகிறதே என்று ஒருவர் கேட்டிருந்தார். உடம்புக்குள் ஏசிஎல் ஏற்கெனவே இழுபட்டுத்தான் இருக்கிறது. ஸ்கேனில் தெரியும் வடிவம் தளர்ந்த வடிவம் அல்ல. அதைத் தளர்ந்ததாக எடுத்துக்கொண்டால் அந்த இழுவிசை கணக்கில் வராது. ஃபெபயோவில் பிரீஸ்ட்ரெய்ன் (தொடக்கத்திலேயே கொடுக்கும் நீட்சி) வசதி அதற்குத்தான். பட்டையில் சில விழுக்காடு கொடுத்துப் பழகிவிட்டு, பிறகு ஸ்கேனுக்குப் போங்கள்.