சீனி வருத்தம் உள்ள பூனையை இன்னொருவர் பொறுப்பில் விட்டுப் போவது எப்படி?

கொழும்பில் கலியாணம், சென்னையில் வைத்தியம் என்று ஒரு கிழமை பத்து நாள் வீட்டை விட்டுப் போகவேண்டி வந்தால், இன்சுலின் போடும் பூனை இருக்கிற வீட்டில் முதலில் வருகிற பயம் "ஊசி ஒருநேரம் தவறிப்போனால் என்ன நடக்கும்?" என்பதுதான். உண்மையில் பயப்பட வேண்டியது அதற்கல்ல. ஒருநேர ஊசி தவறினால் சீனி ஏறும், பூனை கூடத் தண்ணீர் குடிக்கும், கூடச் சலம் போகும். அடுத்தநேர ஊசியோடு மெல்ல மெல்லப் பழைய நிலைக்கு வந்துவிடும். அதே ஊசியை மறதியில் இரண்டு தரம் போட்டாலோ, சாப்பிடாத பூனைக்குப் போட்டாலோ, சீனி விழுந்து வலிப்பு வரும், உயிரும் போகலாம். ஆகவே பூனை பார்க்க வருபவருக்கு ஊசி போடப் பழக்குவதைவிட, எப்போது போடக்கூடாது என்று பழக்குவதுதான் பெரிய வேலை.

இது 12 மணித்தியாலத்துக்கு ஒருதரம் ஊசி போட்டுக் கைபழகியவர்களுக்கான விளக்கம். வருத்தம் பிடிபட்டுக் கொஞ்ச நாள்தான் என்றால், மிருக வைத்தியர் இன்னும் அளவைக் கூட்டிக் குறைத்துக்கொண்டிருந்தால், பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். அளவை மாற்றினால் அதன் முழுப் பலன் தெரிய ஐந்து முதல் ஏழு நாள் செல்லும். அந்த நாட்களில் பூனையை அறிந்த கண் பக்கத்தில் இருக்கவேண்டும்.

1. ஆள்

எங்கட பக்கத்தில் பெரும்பாலும் அயலட்டைதான் கைகொடுக்கும். ஓய்வுபெற்ற தாதி, மருந்துக்கடையில் வேலைசெய்யும் பிள்ளை, தனக்குத்தானே இன்சுலின் போடும் பக்கத்து வீட்டு அன்ரி, இவர்களில் ஒருவர் கிடைத்தால் நல்லது. ஊசிக்குப் பயமில்லாதவர் என்பதே பாதி வெற்றி.

ஆனால் அந்த அன்ரியிடம் ஒரு விஷயத்தை முகத்துக்கு நேரே சொல்லத்தான் வேண்டும். மனிசருக்கு 20, 30 யூனிட் என்று போகும். பூனைக்கு ஒன்று, இரண்டு. "இவ்வளவு காணுமோ, இண்டைக்குக் கொஞ்சம் கூட வைப்பம்" என்று அன்பாலே நினைப்பவர்தான் ஆபத்து. இன்னொன்று: அவருடைய குப்பி அவருடைய பிறிட்ஜில் இருக்கும், பூனையுடையது உங்கள் பிறிட்ஜில் இருக்கவேண்டும். இரண்டும் ஒரே தட்டில் இருக்கவே கூடாது.

பூனையை அவர் வீட்டுக்குக் கொண்டுபோய் விடுவது எனக்கு உடன்பாடில்லை. இடம் மாறினால் பூனை சாப்பாட்டைக் குறைக்கும், பயத்திலேயே சீனி ஏறும், வேலி பாய்ந்து திரும்பியும் வந்துவிடும். அவரே காலையும் மாலையும் உங்கள் வீட்டுக்கு வரட்டும். ஊர் சுற்றும் பூனையென்றால் நீங்கள் போக ஒரு கிழமை முன்னரே ஒரு அறைக்குள் விட்டுப் பழக்குங்கள். ஆறு மணிக்கு வருபவர், மதிலில் ஏறி எங்கோ போன பூனையைத் தேடிக்கொண்டிருக்க முடியாது.

2. குப்பியும் சிறிஞ்சும்

கூடுதலான பேர் இடறுப்படுவது இங்கேதான். ஆகவே ஆறுதலாக வாசியுங்கள்.

பூனைக்குப் பாவிக்கும் இன்சுலின் பெரும்பாலும் இரண்டு செறிவில் வருகிறது. யூ-40 என்றால் ஒரு மில்லிலீற்றரில் 40 யூனிட், யூ-100 என்றால் 100 யூனிட். மிருகங்களுக்கென்றே செய்யும் கனின்சுலின், புரோசிங்க் இரண்டும் யூ-40. பூனைக்கு அடிக்கடி எழுதிக்கொடுக்கும் லான்டஸ் யூ-100. ஒவ்வொன்றுக்கும் சிறிஞ் வேறு. வழமையாக யூ-40 சிறிஞ்சின் மூடி சிவப்பு, யூ-100 இனது செம்மஞ்சள். மூடி நிறத்தை மட்டும் நம்பாமல் குழாயில் அச்சடித்திருப்பதைப் படியுங்கள்.

மாறிப்போனால் என்ன நடக்கும்? யூ-100 மருந்தை யூ-40 சிறிஞ்சில் 2 என்ற கோடுவரை இழுத்தால் பூனைக்குள் போவது 5 யூனிட். இரண்டரை மடங்கு. மறுபக்கம், யூ-40 மருந்தை யூ-100 சிறிஞ்சில் 2 வரை இழுத்தால் போவது 0.8 யூனிட்தான். இரண்டாவது பூனையை உடனே கொல்லாது. முதலாவது கொல்லும். இந்தியாவில் மனிசருக்கான இன்சுலின் குப்பி யூ-40 ஆகவும் பரவலாக விற்பனையாகிறது. அதனால் சென்னையிலிருந்து வருபவரிடம் "வரேக்க சிறிஞ்சும் ஒரு பெட்டி வாங்கி வாங்கோ" என்று சொல்லிவிடுகிற வீடுகளில் இரண்டு வகையும் ஒரே லாச்சிக்குள் கிடக்க இடமுண்டு. போவதற்கு முன் அந்த லாச்சியை முழுக்கக் கொட்டிப் பாருங்கள். உங்கள் குப்பிக்குப் பொருந்தாத சிறிஞ் ஒன்றுகூட வீட்டில் இருக்கக்கூடாது.

யூ-100 பாவிப்பவர்களுக்கு என் தெரிவு 0.3 மில்லிலீற்றர் சிறிஞ், அரை யூனிட் கோடு போட்டது. ஒரு மில்லிலீற்றர் சிறிஞ் வேண்டாம். யூ-100 இல் ஒரு யூனிட் என்பது 0.01 மில்லிலீற்றர், ஒரு துளிகூட இல்லை. பெரிய குழாயில் அது கண்ணாடி போட்ட கண்ணுக்கும் பிடிபடாது. பேனை ஊசி மனிசருக்கு வசதி, பூனைக்கு எனக்குப் பிடிப்பதில்லை: உள்ளே எவ்வளவு போனது என்று கண்ணால் பார்க்க முடியாது, அழுத்திய பிறகும் ஊசியைப் பத்து விநாடி தோலுக்குள் வைத்திருக்க வேண்டும், பூனை அவ்வளவு நேரம் நிற்பது அதிசயம்.

இனிச் செய்யவேண்டியது. பத்து நாள் பயணம் என்றால் 20 சிறிஞ், கைதவறி விழுவதற்கு மேலதிகமாக நாலு. அந்த 20 ஐயும் 20 சின்னக் கடித உறைகளில் தனித்தனியே போடுங்கள். ஒவ்வொரு உறையிலும் திகதியும் "காலை" அல்லது "மாலை" என்றும் பெரிதாக எழுதுங்கள். சிறிஞ்சின் குழாயில், இழுக்கவேண்டிய கோட்டிலேயே அழியாத பேனையால் மெல்லிய கறுப்புக் கோடு ஒன்று. உறைகளை ஒழுங்காக அடுக்கி றபர் பாண்ட் போட்டு வையுங்கள். மேலதிக நாலும் வேறு உறையில், "உங்களைக் கேட்டுத்தான் எடுப்பேன்" என்ற பேச்சோடு.

இந்த உறை முறைதான் இரட்டை ஊசிக்கு நான் அறிந்த நல்ல காவல். ஃபோனில் அலாரம், வட்ஸ்அப்பில் "போட்டாச்சு" எல்லாம் அதற்குப் பிறகுதான். அன்ரி காலையில் போட்டுவிட்டுப் போயிருப்பார், அது தெரியாமல் மகள் ஏழு மணிக்கு வந்து நிற்பாள். உறை வெறுமையாக இருந்தால் ஊசி போட்டாயிற்று, கதை முடிந்தது.

மருந்தை முன்கூட்டியே எல்லாச் சிறிஞ்சிலும் இழுத்துவைக்கலாமே என்று தோன்றும். லான்டஸ் வகைக்கு அப்படிச் செய்யவேண்டாம், மற்றவற்றுக்கும் மிருக வைத்தியரைக் கேட்காமல் செய்யவேண்டாம்.

குப்பி விஷயத்தில் இன்னொரு நுணுக்கம். பழைய குப்பி வலு குறைந்து போயிருக்கக்கூடும். புதுக் குப்பி திறந்த அன்று அதே அளவு கூடுதலாக வேலைசெய்யலாம். ஆகவே புதுக் குப்பி திறக்கவேண்டியிருந்தால், நீங்கள் வீட்டில் இருக்கும்போதே, போவதற்கு ஒரு கிழமை முன் திறந்துவிடுங்கள். திறந்த திகதியைக் குப்பியில் ஒட்டுங்கள்.

3. கைபழக்கம்

தோடம்பழத்தில் வெறும் தண்ணீர் ஏற்றிப் பழகுவது சிறிஞ்சைப் பிடிக்க மட்டும் உதவும். பூனையிலேயே பழகவேண்டும்: முதலில் நீங்கள் போட அவர் பார்க்க, பிறகு அவர் போட நீங்கள் பார்க்க, கடைசியில் நீங்கள் அடுத்த அறையில் இருக்க அவர் தனியே. மூன்றாவது கட்டம் இரண்டு மூன்று நேரமாவது பிசகில்லாமல் நடந்த பிறகுதான் ரிக்கற் போடுங்கள்.

பூனை வழமையான அளவைச் சாப்பிட்டு முடிக்கப்போகும்போது, தலை இன்னும் கோப்பையில் இருக்கவே போடுவது சுகம். விலாப்பக்கத் தோலை இரண்டு விரலால் கூடாரம்போல் தூக்கி, அதன் அடியில் ஊசியை உடம்போடு கிடையாக விடவேண்டும். பிடரித் தோலில் இரத்த ஓட்டம் குறைவு, மருந்து சீராக உறிஞ்சப்படாது. காலையில் இடப்பக்கம், மாலையில் வலப்பக்கம் என்று வைத்தால் இடமும் மாறும். கலங்கலான இன்சுலினில், புரோசிங்க் என்றால் குப்பியை உள்ளங்கைகளுக்கிடையில் மெல்ல உருட்டவேண்டும், குலுக்கக்கூடாது; கனின்சுலின் என்றால் பால்போல் சீராகும்வரை நன்றாகக் குலுக்கவேண்டும். தெளிவாக இருக்கவேண்டிய லான்டஸ் கலங்கியிருந்தால் அந்தக் குப்பி குப்பைக்கு.

இப்போது முக்கியமான இடம். ஊசி மறுபக்கம் வெளியே வந்து மருந்து மயிரில் ஊற்றுப்படுவது புதுக்கைக்கு நடக்கும். விரலால் தொட்டால் ஈரம், முகர்ந்தால் மருந்து வாடை. அப்போது எவருக்கும் கை தானாக அடுத்த சிறிஞ்சுக்குப் போகும். போகவே கூடாது. உள்ளே எவ்வளவு போனது என்று யாருக்கும் தெரியாது. முழுதும் போனது என்றே வைத்து, அடுத்தநேரம் வரை விடவேண்டும். இதை அவர் வாயாலேயே உங்களுக்குத் திருப்பிச் சொல்லவையுங்கள்.

4. சாப்பாடு

சாப்பாடு மாறினால் இன்சுலின் தேவையும் மாறும். ஈர உணவும் மீனும் மட்டும் தின்னும் பூனைக்கு, பாவம் என்று சோறும் மீனும் பிசைந்து வைத்தால் சீனி ஏறும். பால், ரஸ்க், பிஸ்கற் எல்லாமே அப்படித்தான். மறுபக்கம், சோறு தின்று பழகிய பூனையை நீங்கள் போகிற கிழமை திடீரென்று மாச்சத்தில்லாத உணவுக்கு மாற்றினால், பழைய அளவு ஊசி அதற்குக் கூடிப்போகும். எது நடந்துகொண்டிருக்கிறதோ அதையே தொடருங்கள்.

நல்லூர்த் திருவிழா 25 நாளும் பல வீடுகளில் மச்சம் இல்லை. பார்க்க வருபவர் விரதகாரராக இருந்தால் மீன் அவிக்கச் சொல்லி அவரைச் சங்கடப்படுத்தாதீர்கள். ஒவ்வொரு நேரத்துக்கும் நிறுத்துப் பொதிசெய்து உறைய வையுங்கள், அல்லது பூனை தின்று பழகிய பக்கற் உணவை முழு நாளுக்கும் வாங்கி வையுங்கள். மீன் என்றால் அவித்து முள்ளெடுத்தது, உப்பு, வெங்காயம் இல்லாதது.

5. பிறிட்ஜில் ஒட்டும் கடதாசி

ஒரே ஒரு தாள், பெரிய எழுத்து. நீளமாக எழுதினால் அவசரத்தில் எவரும் வாசிக்கமாட்டார்கள். இதைத் தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள்:

முதலில் சாப்பாடு, பிறகு ஊசி.
வழமைபோல் சாப்பிட்டதா? உறையை எடுத்து ஊசி போடுங்கோ.
சாப்பிடவில்லையா, சத்தி எடுத்ததா? ஊசி இல்லை. எங்களுக்கு அழையுங்கோ.
பாதிதான் சாப்பிட்டதா? போடமுதல் அழையுங்கோ. தொடர்பு கிடைக்காவிட்டால் ஊசி இல்லை.
ஒரு மணித்தியாலம் முந்திப் பிந்தினால் பரவாயில்லை. அதற்கு மேல் பிந்தினால் அழையுங்கோ. தொடர்பு இல்லையென்றால் விட்டுவிட்டு அடுத்தநேரம் போடுங்கோ.
போட்டதா இல்லையா என்று சந்தேகமா? போடாதேங்கோ.
ஒரு நாள் முழுக்கச் சாப்பிடவில்லையா, திரும்பத் திரும்பச் சத்தியா, வாயில் பழவாடை மாதிரி மணமா? மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கோ.

கீழே மிருக வைத்தியரின் இலக்கம், அவர் இல்லாவிட்டால் இன்னொருவருடையது, இரவில் கூப்பிட்டால் வரும் ஓட்டோக்காரருடையது. வைத்தியரிடம் போகுமுன்பே சொல்லி வையுங்கள், செலவுக்குக் காசும் ஒரு உறையில் வையுங்கள். "பாதி சாப்பிட்டால் என்ன செய்வது" என்பதற்கான பதிலையும் அவரிடமே எழுதி வாங்குவது நல்லது. சிலர் அரை அளவு போடச் சொல்வார்கள். அது உங்கள் பூனைக்கு மட்டும் உரிய பதில்.

6. சீனி இறங்கினால்

அறிகுறிகள்: பின்னங்கால் தள்ளாடும், வெறித்துப் பார்க்கும், நடுங்கும், திடீரென்று அகோரப் பசி எடுக்கும் அல்லது மூலையில் போய் ஒளிக்கும், முற்றினால் வலிப்பு. இது ஊசி போட்ட உடனே வராது, பல மணித்தியாலம் கழித்துத்தான் கூடுதலாக வரும். அதாவது அன்ரி வீட்டுக்குப் போன பிறகு. அதனால் ஊசி போட்டு நாலு முதல் ஆறு மணித்தியாலத்துக்குள் யாராவது ஒருவர் வந்து எட்டிப்பார்க்க ஒழுங்குசெய்யுங்கள். மத்தியானம் பள்ளிக்கூடம் விட்டு வரும் பொடியன் போதும், கூப்பிட்டால் பூனை நேராக நடந்து வருகிறதா என்று மட்டும் பார்க்க. மாலை ஊசிக்குப் பிறகு படுக்கப்போகுமுன் ஒருதரம்.

பிறிட்ஜுக்கு மேலே ஒரு சின்னப் பெட்டி: குளுக்கோஸ் மா, ஒரு கரண்டி, சின்னக் கிண்ணம், தேன் ஒரு போத்தல். குளுக்கோஸைச் சொட்டுத் தண்ணீரில் களிபோல் குழைத்து முரசில் (பல் ஈறில்) தடவவேண்டும். தேனும் உதவும். தண்ணீராகக் கரைத்து வாயில் ஊற்றினால் சுவாசக்குழாய்க்குள் போகும். வலிப்பு நடக்கும்போது வாய்க்குள் விரல் வேண்டாம், பல் இறுகிவிடும். உதட்டின் உட்பக்கம் தடவினால் போதும். தேத்தண்ணிக்குப் போடும் இனிப்பு மாத்திரை இதற்கு உதவாது, அதில் சீனியே இல்லை. பூனை தெளிந்தால் உணவு கொடுத்து, தெளிந்தாலும் தெளியாவிட்டாலும் மிருக வைத்தியரிடம். போட்ட இன்சுலின் இன்னும் உடம்பில் வேலைசெய்துகொண்டிருக்கும். அவர் சொல்லும் வரை அடுத்த ஊசி இல்லை.

7. கரண்ட் போனால்

குப்பிக்கு 2 முதல் 8 பாகை செல்சியஸ். கதவுத் தட்டு வேண்டாம், உறையும் பெட்டிக்குக் கிட்டவும் வேண்டாம். உறைந்த இன்சுலின் உருகினாலும் உதவாது. மூடிய பிறிட்ஜ் நாலு மணித்தியாலம் அளவில் குளிரைத் தாங்கும், திறக்காமல் இருந்தால் சரி. அதற்கு மேல் போனால் பிளாஸ்கில் ஐஸ், குப்பியைத் துவாயில் சுற்றி, ஐஸில் முட்டாமல். சோளகக் காற்று வீசும் காலத்தில் ஈரத்துணி சுற்றிய மண்முட்டி நல்ல உதவி. மாரியில் காற்றே ஈரமாக இருப்பதால் அவ்வளவு குளிராது.

பின்னர் சேர்த்தது

குளுக்கோமீற்றரும் பழக்கவேண்டுமா? காதில் குத்தி இரத்தம் எடுக்க அவர் ஏற்கெனவே பழகியிருந்தால் மட்டும். ஊசியையும் சோதனையையும் ஒரே கிழமையில் புதிதாகப் பழக்கினால் இரண்டும் பிழைக்கும். மனிசருக்கான மீற்றர் பூனை இரத்தத்தில் உள்ளதைவிடக் குறைவாகக் காட்டுவது வழமை. அந்த இலக்கத்தைப் பார்த்துத் தானாக அளவை மாற்ற அவருக்கு உரிமையில்லை என்பதையும் சொல்லுங்கள்.

வீட்டில் இரண்டு பூனையென்றால் சாப்பாட்டு நேரத்தில் தனித்தனி அறை. இல்லாவிட்டால் வெறுங்கோப்பையைப் பார்த்து யார் சாப்பிட்டது என்று சொல்லமுடியாது. ஒரே நிறமென்றால் வருத்தக்காரப் பூனைக்குக் கழுத்தில் பட்டி.

பாவித்த ஊசிகளுக்குத் தடித்த பிளாஸ்ரிக் போத்தல் ஒன்று, மூடியோடு. நகரசபைக் குப்பைப் பைக்குள் சும்மா போட்டால் அள்ள வருபவரின் கையில் ஏறும்.

திரும்பி வருகிற நாள் மாலை ஊசியை யார் போடுவது என்பதையும் போகுமுன்பே பேசி வையுங்கள். "அவை வந்திருப்பினம்" என்று அன்ரி நினைக்க, நீங்கள் கிளிநொச்சியில் பஸ்ஸுக்குள் இருப்பீர்கள், அல்லது இரண்டு பேருமே போட்டுவிடுவீர்கள். அன்றைய மாலை உறையும் அன்ரியுடையதுதான், நீங்கள் ஐந்து மணிக்கே வீட்டில் நின்றாலும். உங்கள் முறை அடுத்த நாள் காலையிலிருந்து.