மின்சார காரின் ஜன்னல் கண்ணாடி உடைந்தால்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மின்சார காரின் பக்கக் கண்ணாடி உடைந்ததும் பலருக்கு முதலில் வரும் பயம், "இது ஈவி ஆச்சே, வெளியில் யாரையும் தொட விடலாமா?" என்பதுதான். அந்தப் பயம் பெரும்பாலும் தேவையில்லாதது. கதவுக்குள் இருப்பது பெட்ரோல் காரில் இருக்கும் அதே மாதிரியான கண்ணாடி, அதை ஏற்றி இறக்கும் அதே மாதிரியான மோட்டார், 12 வோல்ட் ஒயர்கள், ஸ்பீக்கர். உயர் மின்னழுத்த கேபிள்கள் ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். வழக்கமாக அவை கதவுப் பக்கமே வராது. கண்ணாடியைத் தூக்கி மாட்டுவது தெரிந்த கைக்குச் சின்ன வேலை. ஆனால் அதற்கு முன்னாலும் பின்னாலும் அவசரத்தில் செய்யும் காரியங்கள்தான் பிறகு மழைத் தண்ணீராகவும், காற்றுச் சத்தமாகவும், ஸ்டார்ட் ஆகாத வண்டியாகவும் திரும்பி வருகின்றன.

உடைந்தவுடன் செய்யும் முதல் தவறு, ஜன்னல் ஸ்விட்சை அழுத்திப் பார்ப்பது. பெரும்பாலான கார்களில் கதவுக் கண்ணாடி டெம்பர்டு வகை. அறுநூறு டிகிரிக்கு மேல் சூடாக்கி, காற்றடித்துச் சட்டென்று குளிர வைத்துத் தயாரிப்பார்கள். அதனால்தான் அது கத்தி மாதிரி துண்டுகளாக உடையாமல் கற்கண்டு போலப் பொடிப்பொடியாக உதிர்கிறது. அந்தப் பொடியில் பாதி சீட்டில் விழுந்தால், மீதி கதவின் வயிற்றுக்குள் போயிருக்கும். அந்த நேரத்தில் ஸ்விட்சை அழுத்தினால் பவர் விண்டோ மெஷினின் கேபிளிலும் தண்டவாளத்திலும் துண்டுகள் போய்ச் சிக்கும். கண்ணாடியோடு முடிய வேண்டிய செலவு மெஷின் வரைக்கும் போய்விடும்.

அடுத்தது, சுத்தம் செய்கிறேன் என்று கையால் கூட்டுவதும், காற்றடிக்கும் பம்பைக் கொண்டு ஊதுவதும். ஊதினால் துகள்கள் ஏசி வெண்ட்டுக்குள்ளும் சீட் தையலுக்குள்ளும் போய் உட்கார்ந்துகொள்ளும். காற்றோட்டம் உள்ள சீட் என்றால், சீட் துளைகளைச் சுத்தம் செய்து முடிக்கும் வரை அந்த ஃபேனைப் போடவே கூடாது. தடித்த கையுறை போட்டுப் பெரிய துண்டுகளை எடுத்துவிட்டு, மீதியை வேக்யூம் கிளீனரால் உறிஞ்சுங்கள். சீட்டை முன்னும் பின்னும் முழுவதும் நகர்த்தி, தண்டவாளத்தையும் பாருங்கள். சீட்டுக்கு அடியில் மஞ்சள் நிற கனெக்டர் தெரிந்தால் அது ஏர்பேக் தொடர்பானது, அதை இழுக்க வேண்டாம். வீட்டில் குழந்தைகள் இருந்தால் பின்சீட்டையும் விடாதீர்கள். முன் கதவுக் கண்ணாடி உடைந்தாலும் பொடி பின்சீட் வரைக்கும் தெறிக்கும்.

ஆனால் இதற்கெல்லாம் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. எதையும் தொடாமல், வண்டி நம்பர் தெரிகிற மாதிரி, உடைந்த கதவு, உள்ளே கிடக்கும் துண்டுகள் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பை, லேப்டாப் ஏதாவது திருடு போயிருந்தால் போலீஸில் புகார் கொடுங்கள். மோட்டார் பாலிசி காருக்கு மட்டும்தான். காருக்குள் வைத்திருந்த உங்கள் பொருட்களுக்கு அது பொதுவாகப் பொறுப்பேற்காது.

தற்காலிகமாக மூடும்போது பலர் பிரவுன் டேப்பை நேராக பெயின்ட் மேல் ஒட்டிவிடுகிறார்கள். ஒரு பகல் வெயிலில் நின்றால் போதும், பசை அங்கேயே தங்கிவிடும். பெயின்டர்கள் பயன்படுத்தும் மாஸ்கிங் டேப் நல்லது. பிளாஸ்டிக் ஷீட்டின் மேல்விளிம்பை வெளிப்பக்கமாக மட்டும் ஒட்டாமல், கதவைத் திறந்து உள்பக்கமாக மடித்து ஒட்டிச் சாத்தினால் மழைத் தண்ணீர் உள்ளே வழியாது. கண்ணாடி இல்லாமல் பைபாஸில் வேகமாகப் போக வேண்டாம். உள்ளே சுழலும் காற்று மிச்சத் துகள்களைக் கிளப்பி முகத்தில் அடிக்கும்.

ஒருவேளை மழை கொட்டி உள்ளே தண்ணீர் தேங்கிவிட்டால்? தரைக்கு அடியில் இருக்கும் பெரிய பேட்டரி தனிப் பெட்டிக்குள் அடைக்கப்பட்டது; நெக்ஸான் ஈவி போன்ற கார்களில் அதற்குத் தூசியும் தண்ணீரும் புகாத ஐபி67 தரப் பாதுகாப்பு உண்டு. கார்ப்பெட்டுக்கு அடியிலும் சீட்டுக்கு அடியிலும் ஓடும் 12 வோல்ட் கனெக்டர்களுக்கு அந்த அளவு பாதுகாப்பு இருக்கும் என்று நம்ப முடியாது. கார்ப்பெட்டை அழுத்தினால் தண்ணீர் ஊறி வரும் அளவுக்கு நனைந்திருந்தால், சார்ஜ் போடாமல் சர்வீஸ் சென்டரில் காட்டிவிடுங்கள்.

இனி இன்சூரன்ஸ். இதில் நடப்பது நேரெதிரான இரண்டு தவறுகள். கண்ணாடியை மாற்றிவிட்டு அப்புறம் கிளெய்முக்குப் போவது ஒன்று. கம்பெனி பார்ப்பதற்கு முன்னாலேயே வேலை முடிந்திருந்தால் கிளெய்ம் நிராகரிக்கப்பட வாய்ப்பு அதிகம். முதலில் தகவல் சொல்லி, அவர்கள் போட்டோவிலோ, சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் மூலமாகவோ பார்த்த பிறகுதான் கதவைப் பிரிக்க வேண்டும்.

இன்னொன்று, "கண்ணாடிக்குத் தேய்மானம் பிடிக்க மாட்டார்கள், முழுசாகக் கிடைக்கும்" என்று கேட்டவுடன் கிளெய்ம் போட்டுவிடுவது. கண்ணாடிக்குத் தேய்மானக் கழிவு கிடையாது என்பது உண்மைதான். ரப்பருக்கும் பிளாஸ்டிக்குக்கும் 50 சதவீதம் கழிப்பார்கள் (தேய்மானம் பிடிக்காத ஜீரோ டெப் பாலிசி இல்லாவிட்டால்), ஒவ்வொரு கிளெய்மிலும் நீங்களே ஏற்க வேண்டிய கட்டாயக் கழிவு ஒன்றும் உண்டு. ஆனால் பெரிய கணக்கு வேறு இடத்தில் இருக்கிறது. கிளெய்ம் இல்லாத ஆண்டுகளுக்குக் கிடைக்கும் நோ கிளெய்ம் போனஸ் என்ற பிரீமியம் தள்ளுபடி 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று படிப்படியாக ஏறும். ஒரு கிளெய்ம் போட்டால் அது பூஜ்யத்துக்கு வந்துவிடும்.

உதாரணமாக, போனஸ் கழிப்பதற்கு முன் சொந்தக் காரின் சேதத்துக்கான பிரீமியம் ஆண்டுக்கு 20,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 50 சதவீதத்தில் இருப்பவர் 10,000 கட்டுகிறார். கிளெய்முக்குப் பிறகு முதல் ஆண்டு 10,000 கூடுதல். அடுத்த ஆண்டு 20 சதவீதம்தான் கிடைக்கும், அதனால் 6,000 கூடுதல். அதற்கடுத்து 5,000, 3,000, 1,000. பிரீமியம் மாறாமல் இருந்தால், பழைய இடத்துக்குத் திரும்புவதற்குள் 25,000 ரூபாய் போயிருக்கும். வண்டிக்கு வயதாக ஆக பிரீமியம் குறையும் என்பதால் நிஜத்தில் தொகை கொஞ்சம் குறையலாம். இருந்தாலும் ஒரு கதவுக் கண்ணாடியின் பில்லை இதோடு வைத்துப் பாருங்கள். சாதாரண டெம்பர்டு கண்ணாடி ஒன்றுக்காகக் கிளெய்ம் போடுவது, கிளெய்ம் போட்டாலும் போனஸைக் காக்கும் கூடுதல் கவர் வாங்காதவர்களுக்குப் பெரும்பாலும் நஷ்டம் என்பதுதான் என் கருத்து. கண்ணாடியோடு கதவும் நசுங்கியிருந்தால் அது வேறு கதை. சில பாலிசிகளில் கண்ணாடி மட்டும் மாற்றினால் போனஸ் குறையாது என்று இருக்கும். உங்கள் பாலிசித் தாளை ஒருமுறை படித்துவிட்டு முடிவெடுங்கள்.

கண்ணாடி வாங்கும்போது மாடல் பெயரை மட்டும் சொல்லி ஆர்டர் செய்யாதீர்கள். சேசிஸ் நம்பரைக் கொடுத்துப் பாகத்தின் எண்ணைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். ஒரே பெயரில் பெட்ரோல், ஈவி இரண்டும் வரும் கார்களில் கண்ணாடி ஒன்றாகவே இருக்கலாம்; அப்படி இருந்தால் "ஈவி கண்ணாடி" என்று யாராவது கூடுதல் விலை சொன்னால் காரணம் கேளுங்கள். வேறாகவும் இருக்கலாம். எஞ்சின் சத்தம் இல்லாததால் மின்சார காரில் காற்றும் டயர் சத்தமும் தூக்கலாகக் கேட்கும். அதைக் குறைக்க விலை கூடிய சில மாடல்களில் முன் கதவுக்கு இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே மெல்லிய பிளாஸ்டிக் படலம் வைத்த லேமினேட்டட் கண்ணாடி போடுகிறார்கள். அதன் இடத்தில் டெம்பர்டு போட்டால் அளவு பொருந்தினாலும் சத்தம் கூடும். எந்த வகை என்பது கண்ணாடி மூலையில் அச்சிட்டிருக்கும். உங்களுடையது உடைந்துவிட்டதால் எதிர்ப்பக்கக் கதவில் பாருங்கள். அங்கேயே ஐஎஸ்ஐ முத்திரையும் இருக்கும். ஐஎஸ் 2553 என்ற எண்தான் பாதுகாப்புக் கண்ணாடிக்கான இந்தியத் தரம். முத்திரையே இல்லாத கண்ணாடி என்ன விலைக்குக் கிடைத்தாலும் வேண்டாம்.

லேமினேட்டட் கண்ணாடி பற்றி ஒரு விஷயம், இது உயிர் சம்பந்தப்பட்டது. அவசரத்தில் ஜன்னலை உடைத்து வெளியே வருவதற்கென்று விற்கும் சின்னச் சுத்தியல் டெம்பர்டு கண்ணாடிக்குத்தான் வேலை செய்யும். லேமினேட்டட் விரிசல் விடும், ஆனால் படலம் பிடித்துக்கொள்ளும். எந்தக் கதவில் எது இருக்கிறது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்கட்டும்.

சென்னை புதுப்பேட்டை மாதிரியான இடங்களில் பழைய கண்ணாடி கிடைக்கும். வாங்கக் கூடாது என்று சொல்ல மாட்டேன். ஆனால் நடுவில் கீறல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு வாங்குவது தவறு. டெம்பர்டு கண்ணாடியின் பலவீனம் விளிம்பில்தான் இருக்கிறது. விளிம்பில் சின்னச் சில்லு பெயர்ந்திருந்தாலும் ஒருநாள் வெயிலிலோ கதவை ஓங்கிச் சாத்தும்போதோ முழுவதும் உதிர்ந்துவிடலாம். நான்கு ஓரத்தையும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். "கொஞ்சம் தேய்த்து அளவு பண்ணிக்கலாம்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். டெம்பர் செய்த பிறகு கண்ணாடியை வெட்டவோ துளைக்கவோ முடியாது.

சரி, வேலை நடக்கும் இடத்துக்கு வருவோம். மின்சார காருக்கே உரிய தவறு இங்கேதான் நடக்கிறது. கதவைப் பல மணி நேரம் திறந்து போட்டு வேலை செய்யும்போது உள்விளக்கு, திரை, கன்ட்ரோல் யூனிட்டுகள் எல்லாம் விழித்துக்கொண்டே இருந்து 12 வோல்ட் பேட்டரியைக் காலி செய்கின்றன. பெரிய பேட்டரியில் 90 சதவீதம் சார்ஜ் இருந்தாலும், அதை வண்டியோடு இணைக்கும் ரிலே ஸ்விட்சுகளை இயக்க இந்தச் சின்ன பேட்டரியின் மின்சாரம்தான் வேண்டும். அது இறங்கிவிட்டால் வண்டி எழுந்திருக்காது. நிற்கும்போது பெரிய பேட்டரியிலிருந்து தானாகவே 12 வோல்ட்டுக்கு ஊட்டிக்கொள்ளும் கார்கள் உண்டு, எல்லாக் கார்களும் அப்படி இல்லை. ஆகவே சார்ஜர் கேபிளைக் கழற்றிவிடுங்கள், காரை முழுவதும் ஆஃப் செய்யுங்கள், சாவியைத் தள்ளி வையுங்கள், சில நிமிடம் பொறுங்கள். அதன் பிறகு தயாரிப்பாளர் கையேடு சொல்லும் முறைப்படி 12 வோல்ட்டின் நெகடிவ்வைக் கழற்றலாம். வண்டி ஆனில் இருக்கும்போது கதவுக் கனெக்டர்களைப் பிடுங்கினால் ஏர்பேக் எச்சரிக்கை விளக்கு எரியலாம். சில கார்களில் பக்கவாட்டு மோதலை உணரும் சென்சார் கதவுக்குள்ளேயே இருக்கிறது. பெரிய பேட்டரியின் மின்சாரத்தைத் துண்டிக்கும் சர்வீஸ் பிளக்கைக் கழற்ற வேண்டிய அவசியம் கண்ணாடி வேலைக்கு இல்லை. "பாதுகாப்புக்காக அதையும் கழற்றிடலாம்" என்று சொல்பவரிடம் வண்டியை விடாதீர்கள்.

கதவின் உள்பக்க அட்டையான டோர் பேடைக் கழற்றியதும் அதற்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் ஷீட் கறுப்புப் பசையால் ஒட்டப்பட்டிருக்கும். இந்த வேலையிலேயே அதிகம் அலட்சியப்படுத்தப்படுவது அதுதான். கிழித்தெடுத்துவிட்டு, அப்படியே பேடை மாட்டிவிடுவார்கள். கண்ணாடி ஓரமாகக் கதவுக்குள் இறங்கும் மழைத் தண்ணீரைக் கேபினுக்குள் விடாமல் தடுப்பதே அந்த ஷீட்தான். அது இல்லாவிட்டால் ஐப்பசி மழையில் கால்மிதி நனையும், சாலைச் சத்தமும் கூடும். கதவுக்குள் காற்றழுத்த மாற்றத்தை வைத்து மோதலைக் கண்டுபிடிக்கும் சென்சார் உள்ள கார்களில், அந்த அடைப்பு சரியாக இல்லையென்றால் சென்சாரின் வேலையும் பாதிக்கப்படலாம். கிழிந்திருந்தால் புதிய ஷீட்டும் புதிய பசையும் கேளுங்கள்.

கதவின் அடியில் தண்ணீர் வெளியேறச் சின்ன ஓட்டைகள் இருக்கும். கண்ணாடிப் பொடி அதை அடைத்துக்கொண்டால் தண்ணீர் தேங்கித் துரு பிடிக்கும். கண்ணாடி ஏறி இறங்கும் ரப்பர் பீடிங்கிலும் துகள் மிச்சம் இருக்கும். புதுக் கண்ணாடி முதல் தடவை இறங்கும்போதே நீளமாகக் கீறல் விழும். கண்ணாடியை மெஷினோடு பிடிக்கும் போல்ட்டை அளவுக்கு மீறி முறுக்குவதும் விரிசலுக்குக் காரணமாகும்.

கதவில் இல்லாமல் வண்டியின் உடலோடு ஒட்டியிருக்கும் சின்ன க்வார்ட்டர் கிளாஸ் உடைந்திருந்தால் முறையே வேறு. அது பாலியூரித்தேன் பசையால் ஒட்டப்படுவது. பசை காயும் வரை தண்ணீர் சர்வீஸ் வேண்டாம், கதவை ஓங்கிச் சாத்தவும் வேண்டாம். எல்லா ஜன்னலும் மூடியிருக்கும்போது சாத்தினால் உள்ளே அடைபடும் காற்று ஈரப் பசையில் இருக்கும் கண்ணாடியை வெளியே தள்ளும். ஒரு ஜன்னலை இரண்டு விரல் அளவு திறந்து வையுங்கள்.

மாட்டி முடித்ததும் ஜன்னல் மேலே போய்விட்டது என்று பணம் கொடுத்துவிடக் கூடாது. ஒரே தொடுதலில் ஏறும் ஜன்னல்களில், விரல் சிக்கினால் தானே கீழிறங்கும் வசதி இருக்கும். பேட்டரி கழற்றியதாலோ கண்ணாடி மாறியதாலோ மெஷின் தன் மேல், கீழ் எல்லைகளை மறந்திருக்கலாம். பல கார்களில் முழுவதும் ஏற்றி, ஸ்விட்சை மேலே இழுத்தபடி சில விநாடி பிடித்தால் மறுபடி கற்றுக்கொள்ளும். உங்கள் காரின் முறை கையேட்டில் இருக்கும். 2025 ஜூலையில் இந்தியாவுக்கு வந்த டெஸ்லா மாடல் ஒய் போல, கண்ணாடியைச் சுற்றி ஃபிரேம் இல்லாத கதவு என்றால் இதில் துளியும் விட்டுக்கொடுக்காதீர்கள். கதவு திறக்கும்போது கண்ணாடி கொஞ்சம் இறங்கி, மூடியதும் ஏறி ரப்பரில் உட்கார வேண்டும். அந்த அளவு தவறினால் கண்ணாடி மேல் ரப்பரில் மோதும், இல்லையென்றால் இடைவெளி விட்டுக் காற்று விசிலடிக்கும்.

பழைய கண்ணாடியில் ஃபிலிம் ஒட்டியிருந்தவர்கள் அன்றைக்கே புதியதை ஒட்டச் சொல்ல வேண்டாம். பீடிங்கில் தப்பிய ஒரு துகள் ஃபிலிமைக் கோடு கோடாகக் கிழித்துவிடும். சில நாள் ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டு ஒட்டலாம். மத்திய மோட்டார் வாகன விதி 100-ன்படி பக்கக் கண்ணாடி வழியாகக் குறைந்தது 50 சதவீத வெளிச்சமாவது உள்ளே வர வேண்டும். கண்ணாடியே தொழிற்சாலையில் நிறம் ஏற்றி வந்ததாக இருந்தால், அதன் மேல் மெல்லிய ஃபிலிம் ஒட்டினாலும் வெளிச்சம் இந்த அளவுக்குக் கீழே போய்விடலாம்.

வண்டியை எடுப்பதற்கு முன் ஒரு குழாயால் கண்ணாடியின் மேல்விளிம்பில் ஐந்து நிமிடம் தண்ணீர் விடச் சொல்லுங்கள். கதவின் அடி ஓட்டையில் தண்ணீர் சொட்ட வேண்டும், கால்மிதி காய்ந்திருக்க வேண்டும். பிறகு நல்ல சாலையில் எண்பது கிலோமீட்டர் வேகத்தில் ஏசி ஃபேனைக் குறைத்துவிட்டு ஓட்டி, இரண்டு பக்கக் காற்றுச் சத்தமும் ஒன்றாக இருக்கிறதா என்று கேளுங்கள். கதவைச் சாத்தும்போது உள்ளே சலசலத்தால் துண்டுகள் இன்னும் கிடக்கின்றன; அங்கேயே மறுபடி பிரிக்கச் சொல்லுங்கள். பில்லில் கண்ணாடியின் பாக எண், டெம்பர்டா லேமினேட்டடா என்ற விவரம், கதவுக்குள் ஒட்டும் ஷீட்டும் டோர் பேடைப் பிடிக்கும் கிளிப்புகளும் புதியனவா என்பது மூன்றையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.