ஆப்டிக் ரேடியேஷனை வரைந்து படிப்போம்: இரண்டு தாள், இரண்டு பேனா

மூளையைக் குறுக்காக வெட்டினால் ஓரத்தில் சாம்பல் நிறமும் உள்ளே வெள்ளை நிறமும் தெரியும். சாம்பல் பகுதியில் நரம்பு செல்களின் உடல்கள் இருக்கின்றன. வெள்ளைப் பகுதி முழுக்க அந்த செல்களின் நீண்ட இழைகள். இழைகளைச் சுற்றியிருக்கும் மயலின் என்ற கொழுப்புறைதான் அந்த வெள்ளைக்குக் காரணம். ஒரே இடத்தில் கிளம்பி ஒரே இடத்துக்குப் போகிற இழைகள் கட்டாகச் சேர்ந்து ஓடுவதை வெண்பொருள் பாதை என்கிறோம். அப்படி ஒரு பாதையை இந்தப் பதிவில் முழுதாக வரையப் போகிறோம். மூளையின் நடுவில் இருக்கும் தலாமஸிலிருந்து பின்மண்டை வரை போய்ப் பார்வையைக் கொண்டு சேர்க்கிற ஆப்டிக் ரேடியேஷன் அது.

ஆப்டோமெட்ரி, பிசியோதெரபி, நர்சிங், எம்பிபிஎஸ் என்று எது படித்தாலும் இதை அட்டவணையாக மனப்பாடம் செய்கிறவர்கள்தான் அதிகம். ‘இங்கே அடிபட்டால் இது போகும்’ என்ற அந்த அட்டவணை பரீட்சைக்கு மறுநாள் மறந்துவிடும். கையால் ஒருமுறை வரைந்தால் அட்டவணையே வேண்டாம். படத்தில் ஒரு கோடு கிழித்தால் பதில் வந்துவிடும்.

தேவையானவை: ஏ4 தாள் இரண்டு, பென்சில், சிவப்பு பேனா, நீல பேனா.

படி 1: நிறத்தை முடிவு செய்யுங்கள்

எல்லாரும் தடுக்கி விழுகிற இடம் இதுதான். இடது கண்ணுக்கு ஒரு நிறம், வலது கண்ணுக்கு ஒரு நிறம் என்று ஆரம்பிப்பார்கள். அப்படிச் செய்தால் பாதி வழியில் இரண்டு நிறமும் குழம்பிவிடும். மூளை இந்த விஷயத்தைக் கண்வாரியாகப் பிரிப்பதில்லை. எதிரே தெரிகிற காட்சியின் இடப்பாதி, வலப்பாதி என்றுதான் பிரிக்கிறது.

அதனால் காட்சியின் இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் நீலம். கண் எதுவானாலும் இதுதான் விதி. கடைசி வரை மாற்றாதீர்கள்.

படி 2: மேலிருந்து பார்க்கும் படம்

முதல் தாளில் தலையை உச்சியிலிருந்து பார்ப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். தாளின் மேல்பக்கம் மூக்கு இருக்கும் பக்கம். தாளின் இடது, அந்த ஆளின் இடது. (சிடி, எம்ஆர்ஐ படங்களில் இது தலைகீழ். படத்தின் இடப்பக்கம் நோயாளியின் வலப்பக்கமாக இருக்கும். வரையும்போது வேண்டாம், படம் பார்க்கும்போது ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.)

தாளின் உச்சியில் ஒரு நீளமான பட்டை போட்டு, அதன் இடப்பாதிக்குச் சிவப்பும் வலப்பாதிக்கு நீலமும் தீட்டுங்கள். இதுதான் எதிரே தெரியும் காட்சி. அதற்குக் கீழே இரண்டு வட்டம், இரண்டு கண்கள்.

கண்ணின் லென்ஸ் காட்சியைத் திருப்பிப் போடும். இடப்பக்கத்திலிருந்து வரும் ஒளி விழித்திரையின் வலப்பாதியில் விழும், மேலிருந்து வருவது கீழே விழும். ஆகவே ஒவ்வொரு வட்டத்தின் பின்சுவரிலும் வலப்பாதிக்குச் சிவப்பு, இடப்பாதிக்கு நீலம். இரண்டு கண்ணுக்கும் ஒரே மாதிரிதான்.

படி 3: குறுக்குச் சந்திப்பு

ஒவ்வொரு கண்ணிலிருந்தும் ஒரு பார்வை நரம்பு பின்னோக்கிக் கிளம்புகிறது. ஒரு நரம்பில் ஏறக்குறைய 10 லட்சம் இழைகள். கண்ணுக்குள் இருக்கும்வரை இவற்றுக்கு மயலின் கிடையாது. கண்ணை விட்டு வெளியே வந்ததும் உறை போட்டுக்கொள்கின்றன. அந்த உறையை மூளைக்குள் மயலின் செய்கிற அதே ஒலிகோடென்ட்ரோசைட் செல்கள்தான் செய்கின்றன. மூளையின் மயலினைத் தாக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் பலருக்குப் பார்வை நரம்பு அழற்சியாகத் தலைகாட்டுவது இதனால்தான்.

இரண்டு நரம்பும் பிட்யூட்டரி சுரப்பிக்கு மேலே சந்திக்கும் இடம் ஆப்டிக் கயாஸம். அங்கே மூக்கை ஒட்டிய பாதி விழித்திரையின் இழைகள் எதிர்ப்பக்கம் தாண்டும். காதுப் பக்கத்துப் பாதியின் இழைகள் தாண்டாமல் அதே பக்கம் போகும். வரைந்து பாருங்கள்: இடது கண்ணின் சிவப்பு வலப்பக்கம் தாண்டுகிறது, வலது கண்ணின் சிவப்பு வலப்பக்கமே இருந்துவிடுகிறது. கயாஸத்துக்குப் பின்னால் வலப்பக்கக் கட்டில் சிவப்பு மட்டும், இடப்பக்கக் கட்டில் நீலம் மட்டும்.

உங்கள் படத்தில் நிறங்கள் இப்படிப் பிரியவில்லையா? படி 2-க்குத் திரும்பிப் போய் விழித்திரை நிறங்களைச் சரிபாருங்கள். தப்பு அங்கேதான் இருக்கும்.

படி 4: ஒரே ஒரு நிறுத்தம்

கயாஸத்துக்குப் பின்னால் வரும் கட்டுக்கு ஆப்டிக் டிராக்ட் என்று பெயர். அது தலாமஸின் பின்பக்கத்தில் இருக்கும் லேட்டரல் ஜெனிகுலேட் நியூக்ளியஸில் போய் முடியும். எல்ஜிஎன் என்று சுருக்கமாகச் சொல்வோம். இரண்டு பக்கமும் ஒவ்வொரு புள்ளி வையுங்கள்.

இதற்குள் ஆறு அடுக்கு. 1, 4, 6 எதிர்ப்பக்கக் கண்ணுக்கு. 2, 3, 5 அதே பக்கக் கண்ணுக்கு. இரண்டு கண்களின் தகவலும் பக்கத்துப் பக்கத்தில் வந்துவிட்டாலும் இன்னும் கலக்கவில்லை. அது மூளைப் புறணிக்கு, அதாவது ஓரத்துச் சாம்பல் பகுதிக்கு, போன பிறகுதான் நடக்கும்.

டிராக்டில் வருகிற எல்லா இழைகளும் எல்ஜிஎன்-க்குப் போவதில்லை. கண்ணின் பாவையைச் சுருக்கும் வேலைக்கான இழைகள் அதற்கு முன்பே பிரிந்து நடுமூளைக்குப் போய்விடும். டிராக்டிலிருந்து ஒரு சின்னக் கிளை பென்சிலால் போட்டு வையுங்கள், கடைசியில் தேவைப்படும்.

படி 5: பக்கவாட்டுப் படம், இதுதான் முக்கியம்

இரண்டாவது தாளை எடுங்கள். இடது அரைக்கோளத்தை இடப்பக்கமிருந்து பார்க்கிறோம், நெற்றி தாளின் இடப்பக்கம். மூளையின் வெளிக்கோட்டைப் போட்டு, கீழ்ப்பக்கம் முன்னோக்கி நீளும் டெம்போரல் மடலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நடுவில் சற்று கீழே எல்ஜிஎன் புள்ளி. வலது பின் ஓரத்தில், பின்மண்டைப் பகுதியில், கிடைமட்டமாக ஒரு சிறு பிளவு. அதுதான் கால்கரைன் பிளவு. உண்மையில் அது மூளையின் உட்பக்கத்தில் இருக்கிறது. கண்ணாடி வழியாகத் தெரிவதுபோல் வரைந்தால் போதும்.

இன்னொன்று பாக்கி. மூளைக்குள் திரவம் நிறைந்த அறையான லேட்டரல் வென்ட்ரிக்கிளின் ஒரு கிளை, டெம்போரல் மடலுக்குள் முன்னோக்கி நீளும். டெம்போரல் ஹார்ன் என்பார்கள். எல்ஜிஎன் புள்ளிக்குக் கீழே, மடலுக்குள், முன்பக்கம் மூடிய ஒரு குழாயாக இதைப் பென்சிலால் போடுங்கள்.

இடது அரைக்கோளம் என்பதால் நீல பேனா மட்டும் போதும். எல்ஜிஎன்-லிருந்து மூன்று கட்டுகள், இவை சேர்ந்ததுதான் ஆப்டிக் ரேடியேஷன்:

மேல்கட்டு, புள்ளிக்கோடாக. எல்ஜிஎன்-லிருந்து பின்னோக்கி, மூளையின் மேல்-பின் பகுதியான பரைட்டல் மடலின் ஆழத்தில் ஓடி, கால்கரைன் பிளவின் மேல் உதட்டில் முடியும். விழித்திரையின் மேல்பாதித் தகவல் இதில் போகிறது; அதாவது காட்சியின் கீழ்ப்பாதி.

நடுக்கட்டு. சற்று வெளியே சென்று பின்னோக்கி ஓடும். பார்வையின் மையப்பகுதி இதன் பொறுப்பு. எழுத்து படிப்பது, முகம் பார்ப்பது எல்லாம் இதை நம்பித்தான்.

கீழ்க்கட்டு, முழுக்கோடாக. இது பின்னால் போக வேண்டிய கட்டு, ஆனால் முதலில் முன்னால் போகும். டெம்போரல் ஹார்னின் கூரைமேல் ஏறி, அதன் நுனி அருகே கொண்டை ஊசி வளைவு அடித்து, ஹார்னின் வெளிச்சுவரை ஒட்டியே பின்னோக்கித் திரும்பி, கால்கரைன் பிளவின் கீழ் உதட்டில் போய்ச் சேரும். காட்சியின் மேல்பாதி இதில் இருக்கிறது. இந்த வளைவுக்கு மேயர் லூப் என்று பெயர். சுவிட்சர்லாந்தில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய மனநல மருத்துவர் அடால்ஃப் மேயர் 1907-ல் இதை விவரித்தார்.

வளைவை இருமுறை வரைந்து பழகுங்கள். நுனி எவ்வளவு முன்னே வர வேண்டும் என்று மாணவர்கள் கேட்பதுண்டு. டெம்போரல் மடலின் முன்நுனியிலிருந்து சுமார் 3 சென்டிமீட்டர் பின்னால் என்று வைத்துக்கொள்ளலாம், ஆனால் ஆளுக்கு ஆள் நன்றாகவே மாறும். அறுவை சிகிச்சை நிபுணர்களுக்குத் தலைவலியே இந்த மாற்றம்தான். மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்பு நோய்க்கு டெம்போரல் மடலின் முன்பகுதியை அகற்றும்போது இந்த வளைவு வெட்டுப்பட்டால், நோயாளிக்குக் காட்சியின் எதிர்ப்பக்கத்து மேல் கால்பகுதி (நான்கில் ஒரு பங்கு) தெரியாமல் போகலாம். வலிப்பு நின்றாலும், பார்வை இழப்பின் அளவைப் பொறுத்து பிரிட்டன் போன்ற நாடுகளில் வாகனம் ஓட்டும் உரிமம் கிடைக்காமல் போக வாய்ப்புண்டு. பலர் அந்த உரிமத்தை எதிர்பார்த்தே அறுவைக்குச் சம்மதிப்பவர்கள்.

படி 6: சேருமிடம்

கால்கரைன் பிளவின் இரண்டு உதடுகளிலும் முதன்மைப் பார்வைப் புறணி இருக்கிறது. வெட்டிப் பார்த்தால் சாம்பலுக்குள் மெல்லிய வெள்ளைக் கோடு வெறும் கண்ணுக்கே தெரியும். 1776-ல் இத்தாலியின் பார்மாவில் மருத்துவ மாணவராக இருந்த பிரான்செஸ்கோ ஜென்னாரி அதைக் கவனித்தார்.

எந்த இடத்தில் எந்தக் காட்சி என்ற வரைபடம் கிடைத்த கதை கொஞ்சம் கொடூரமானது. 1904-05 ரஷ்ய-ஜப்பானியப் போரில் ரஷ்யத் துப்பாக்கிகளின் வேகமான சிறிய குண்டுகள் மண்டையைத் துளைத்து நேராக வெளியேறின. அடிபட்ட பலர் பிழைத்தார்கள். அவர்களுக்கு எவ்வளவு ஓய்வூதியம் தரலாம் என்று முடிவு செய்வதற்காகப் பார்வை இழப்பை அளக்கும் வேலை தட்சுஜி இனொயே என்ற இளம் ஜப்பானியக் கண் மருத்துவருக்கு வந்தது. குண்டு நுழைந்த புள்ளி, வெளியேறிய புள்ளி, இழந்த காட்சி மூன்றையும் பொருத்தி அவர் வரைபடம் தயாரித்து 1909-ல் வெளியிட்டார். காட்சியின் மையத்துக்குப் புறணியில் மிகப் பெரிய இடம் ஒதுக்கப்பட்டிருப்பதை அவர் அப்போதே காட்டிவிட்டார். முதல் உலகப் போர் வீரர்களை வைத்து பிரிட்டிஷ் நரம்பியல் மருத்துவர் கார்டன் ஹோம்ஸ் இதே வேலையைச் செய்தார். பாடப் புத்தகங்களில் ஹோம்ஸ் பெயர்தான் அதிகம் அடிபடும்; எனக்கு அது நியாயமாகப் படவில்லை.

உங்கள் படத்தில் பின் நுனியில் பெரிதாக ஒரு வட்டம் போட்டு ‘மையம்’ என்றும், முன்னோக்கி ‘ஓரம்’ என்றும் எழுதுங்கள். போதும்.

படி 7: கோடு கிழித்துப் பாருங்கள்

பென்சிலால் ஒரு இடத்தில் வெட்டுங்கள், எந்த நிறம் அறுகிறது என்று பாருங்கள்.

இடது பார்வை நரம்பில் வெட்டினால் இடது கண்ணின் இரண்டு நிறமும் போய்விடும். அந்தக் கண் மட்டும் இருட்டு.

கயாஸத்தின் நடுவில் வெட்டினால் தாண்டுகிற இழைகள் மட்டும் அறும். இடது கண்ணுக்கு இடது ஓரமும் வலது கண்ணுக்கு வலது ஓரமும் போகும். பிட்யூட்டரி கட்டி கீழிருந்து அழுத்தும்போது நடப்பது இதுதான்.

இடது டிராக்டிலோ இடது ரேடியேஷன் முழுவதிலுமோ வெட்டினால் நீலம் மொத்தமும் போகும். இரண்டு கண்ணிலும் வலப்பாதி தெரியாது. இரண்டாவது தாளில் முழுக்கோட்டை மட்டும் வெட்டினால் வலது மேல் கால்பகுதி போகும், புள்ளிக்கோட்டை வெட்டினால் வலது கீழ் கால்பகுதி.

பின்மூளைத் தமனி அடைத்து இடது பார்வைப் புறணி பாதிக்கப்பட்டாலும் வலப்பாதி போகும். ஆனால் பல நேரம் மையம் மட்டும் தப்பிவிடும். பின் நுனிக்குச் சிலருக்கு நடுமூளைத் தமனியிலிருந்தும் ரத்தம் கிடைப்பது அதற்குச் சொல்லப்படும் ஒரு காரணம்.

தமிழ் இடமிருந்து வலமாகப் படிக்கிற மொழி. வலப்பாதி இழந்தவருக்கு அடுத்து வரும் சொல் கண்ணில் படாது, வாசிப்பு தடுக்கித் தடுக்கி நடக்கும். இடப்பாதி இழந்தவர் வரியை ஓரளவு ஓட்டிவிடுவார். அடுத்த வரியின் தொடக்கத்தைப் பிடிப்பதுதான் அவருக்குச் சிரமம்.

படி 8: நண்பரை உட்கார வைத்துச் சோதியுங்கள்

ஒரு மீட்டர் இடைவெளியில் நேருக்கு நேர் உட்காருங்கள். அவர் வலது கண்ணை மூடட்டும், நீங்கள் உங்கள் இடது கண்ணை மூடுங்கள். அவர் உங்கள் திறந்த கண்ணையே பார்க்க வேண்டும். இருவருக்கும் நடுவே கையை நீட்டி, மேல் இடது, மேல் வலது, கீழ் இடது, கீழ் வலது என நான்கு மூலையிலும் ஒன்று, இரண்டு அல்லது ஐந்து விரல் காட்டி எண்ணச் சொல்லுங்கள். பிறகு மறு கண். உங்களுக்குத் தெரிந்து அவருக்குத் தெரியாத மூலை இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். இது முதல்கட்டச் சோதனை மட்டும்தான். சந்தேகம் வந்தால் கண் மருத்துவமனையில் பெரிமெட்ரி (பார்வைப் பரப்பை அளக்கும் சோதனை) எடுக்க வேண்டும். திடீரென்று பாதிக் காட்சி மறைந்தால் சோதித்துக்கொண்டு உட்காராமல் நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள், அது பக்கவாதமாக இருக்கலாம்.

படி 9: உண்மையான பாதையைப் பார்க்க ஆசையா?

பிணமூளையில் இழைகளைப் பிரிக்கும் உத்தியை 1930-களில் சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரத்தில் யோசெஃப் கிளிங்லர் கொண்டுவந்தார். ஃபார்மலினில் பதப்படுத்திய மூளையை உறைய வைத்தால் பனிக்கட்டி விரிந்து இழைகளை விலக்கும். பிறகு மரக் கரண்டியால் நார் நாராகப் பிரிக்கலாம்.

உயிருள்ள மூளைக்கு டிஃப்யூஷன் எம்ஆர்ஐ. நீர் இழைகளின் நெடுக்கில் எளிதாகப் பரவும், குறுக்கே தடைபடும். அதை அளந்து கணினி பாதையை ஊகிக்கிறது. அந்தப் படங்களில் இடம்-வலம் ஓடுவது சிவப்பு, முன்-பின் ஓடுவது பச்சை, மேல்-கீழ் ஓடுவது நீலம். நம் பேனா நிறங்களோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். ரேடியேஷனின் பெரும்பகுதி பச்சையாகத் தெரியும். மேயர் லூப் மட்டும் பாதி காணாமல் போயிருக்கும், ஏனென்றால் அவ்வளவு கூர்மையான திருப்பத்தில் எளிய கணக்குமுறைகள் பாதையை விட்டுவிடுகின்றன. படத்தில் வளைவு குட்டையாக இருந்தால் அந்த ஆளுக்கு வளைவு குட்டை என்று முடிவு கட்டக் கூடாது.

ஒரு கணக்கு

அறுபது வயதுக்காரர் ஒருவர் “வலது கண் சரியில்லை” என்று வருகிறார். ஒவ்வொரு கண்ணாக மூடிச் சோதித்தால் இரண்டு கண்ணிலுமே வலது மேல் மூலை தெரியவில்லை. டார்ச் அடித்தால் இரண்டு பாவையும் சரியாகச் சுருங்குகின்றன. எங்கே வெட்டு?

இரண்டு கண்ணிலும் நீலம் போயிருக்கிறது, ஆகவே கயாஸத்துக்குப் பின்னால், இடப்பக்கம். கால்பகுதி மட்டும் போயிருப்பதாலும் பாவையில் குறையில்லாததாலும் டிராக்ட் சந்தேகம் பின்னுக்குப் போகிறது. படி 4-ல் பென்சிலால் போட்ட கிளை எல்ஜிஎன்-க்கு முன்பே பிரிந்துவிட்டதே, டிராக்ட் கெட்டிருந்தால் பாவையிலும் வித்தியாசம் காட்டியிருக்கலாம். மேல் மூலை என்பதால் முழுக்கோடு. இடது டெம்போரல் மடலில் மேயர் லூப், அல்லது கால்கரைன் பிளவின் கீழ் உதடு. இரண்டில் எது என்பதைச் சொல்ல ஸ்கேன் வேண்டும். எம்ஆர்ஐ கேட்டு எழுதும்போது இந்த இரண்டு இடத்தையும் குறிப்பிட்டு எழுதுங்கள்.