பி.ஏ.எஸ்.எல்.பி. படிக்கப் போகிறீர்களா? ஊர்த் தமிழைக் குறையாக எழுதாதீர்கள்

பி.ஏ.எஸ்.எல்.பி. என்பது கேட்புக் குறைகளையும் பேச்சு, மொழிக் கோளாறுகளையும் கண்டறிந்து சரிசெய்யக் கற்றுத்தரும் பட்டப்படிப்பு. பெயரைச் சொன்னதும் "ஸ்போக்கன் இங்கிலீஷ் மாதிரியா?" என்று கேட்கும் சொந்தக்காரர் தண்டையார்பேட்டையிலும் உண்டு, திருவொற்றியூரிலும் உண்டு. அவர்களை விடுங்கள். சேருகிற பிள்ளைகளே பேச்சை மட்டும் நினைத்துக்கொண்டு வருகிறார்கள். படிப்பில் காது சரிபாதி. பிளஸ் டூவோடு இயற்பியலுக்குக் கும்பிடு போட்டவர்களை முதல் வருடமே டெசிபல் என்ற ஒலி அளவு பிடித்துக்கொள்ளும். தலா 60 டெசிபல் சத்தம் போடும் இரண்டு மோட்டார் ஒன்றாக ஓடினால் 120 ஆகாது, 63தான். இந்த மடக்கைக் கணக்கு பிடிபடாமல் மனப்பாடம் செய்தால் ஆடியோகிராம் என்கிற காதுச் சோதனை வரைபடத்தின் முன்னால் திணறுவீர்கள்.

நம் வடசென்னைப் பிள்ளைகள் செய்யும் பெரிய தவறு வேறு. கல்லூரிக்குப் போன கொஞ்ச நாளிலேயே வீட்டுத் தமிழை வியாதியாகப் பார்க்கத் தொடங்கிவிடுகிறார்கள். காசிமேட்டிலிருந்து ஐந்து வயதுக் குழந்தை ஒன்று வருகிறது என்று வையுங்கள். வாழைப்பழப் படத்தைக் காட்டினால் "வாயப்பயம்" என்கிறது. கோழி "கோயி" ஆகிறது. ழகரத்துக்கு நேரே பிழை போடக் கை துறுதுறுக்கும். அம்மாவும் ஆயாவும் அப்படித்தான் பேசுகிறார்கள் என்றால் அது கோளாறே இல்லை. பிள்ளை தன் ஊர்ப் பேச்சைச் சரியாகக் கற்றிருக்கிறது. அதே பிள்ளை காலைத் "தால்" என்றும் கண்ணாடியைத் "தண்ணாடி" என்றும் சொன்னால் நிமிர்ந்து உட்காருங்கள். அந்தத் தெருவில் யாரும் அப்படிப் பேசுவதில்லை. அடிநாக்கில் பிறக்க வேண்டிய ககரம் நுனிநாக்குக்கு வந்துவிட்டது. இரண்டு வயதில் சகஜம், ஐந்து வயதில் கவனிக்க வேண்டியது. மதிப்பெண் போடுமுன் அதே படங்களைக் கூட வந்தவரிடமும் காட்டிச் சொல்லச் சொல்லுங்கள். இந்தச் சின்ன வேலையைச் சோம்பலில் விட்டு, நலமாக இருக்கும் பிள்ளைக்கு மாதக்கணக்கில் ழகரப் பயிற்சி கொடுப்பது எனக்குக் கொடுமையாகவே படுகிறது.

வீட்டில் தெலுங்கோ உருதுவோ பேசும் குடும்பங்கள் ராயபுரத்திலும் வண்ணாரப்பேட்டையிலும் நிறைய. "ரெண்டு பாஷைல கொழம்புது, ஒண்ண நிறுத்துங்க" என்று யோசனை சொல்லிவிடாதீர்கள். இரண்டு மொழி கேட்டு வளர்வதால் பேச்சுக் கோளாறு வருவதில்லை. பக்கவாதத்தில் பேச்சு போன பெரியவரையும் அவருடைய வீட்டு மொழியில் பேசவைத்துப் பார்க்க வேண்டும். அவர் காதருகே கத்தவும் வேண்டாம். அஃபேசியா என்கிற இந்தப் பேச்சிழப்பில் அடிபட்டது மூளையின் மொழிப்பகுதி, காது இல்லை. 1861இலேயே பிரெஞ்சு மருத்துவர் புரோக்கா மூளையில் இதற்கு இடம் காட்டிவிட்டார்.

பேச்சு வரட்டும் என்று நாக்கில் வசம்பு தேய்த்த பாட்டியைப் பார்த்துச் சிரித்தீர்களானால் அடுத்த வாரம் அந்தக் குடும்பம் வராது. பேச்சு வராத எந்தக் குழந்தைக்கும் முதலில் காதுச் சோதனை. "கூப்டா திரும்புறான்" என்பதை நம்பி விட்டுவிடாதீர்கள். உயர் அதிர்வெண் மட்டும் கேட்காத பிள்ளையும் கூப்பிட்டால் திரும்பும், ஸகரம் மட்டும் அதன் காதில் விழாது.

இதெல்லாம் சேர்ந்த பிறகு. சேருமுன் செய்யும் தவறு, இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் அங்கீகாரத்தைப் பார்க்காமல் பணம் கட்டுவது. 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி கவுன்சிலின் மையப் பதிவேட்டில் பெயர் ஏறாமல் இந்தத் தொழிலைச் செய்ய முடியாது. சில மாதச் சான்றிதழ் வகுப்பை நம்பி "தெரபிஸ்ட்" பலகை மாட்ட வழியில்லை. கல்லூரி வாசலில் தொங்கும் பேனரை விட்டுவிட்டு, அந்தப் படிப்புக்கு எந்த ஆண்டுவரை அனுமதி என்பதைக் கவுன்சிலின் இணையதளத்தில் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.