தூத்துக்குடி–சேலம்: வான்வழித் தூரமும் பயண நேரமும் கையால் கணக்கிடுவது எப்படி?

சிறிய விமான நிலையங்களுக்கு இடையிலான தூரத்தை இணையதளங்கள் பெரும்பாலும் சரியாகவே சொல்கின்றன. நேரத்தில்தான் கோட்டை விடுகின்றன. ஒரு காகிதமும் கால்குலேட்டரும் இருந்தால் நீங்களே சரிபார்க்கலாம்.

முதலில் அட்சரேகை, தீர்க்கரேகை. ஊருக்கு உரியதை எடுக்காதீர்கள், நிலையத்துக்கு உரியதை எடுங்கள். தூத்துக்குடி விமான நிலையம் இருப்பது வாகைக்குளத்தில்: வடக்கு 8°43′, கிழக்கு 78°02′. சேலத்து நிலையம் ஓமலூர் பக்கம் காமலாபுரத்தில்: 11°47′, 78°04′. சேலம் டவுனின் எண்ணைப் போட்டால் சுமார் 15 கி.மீ. குறைந்துவிடும். இன்னொரு வழக்கமான தப்பு, 11°47′-ஐ 11.47 என்று எழுதுவது. 47-ஐ 60-ஆல் வகுக்க வேண்டும். சரியான எண் 11.78. இந்த ஒரு புள்ளியில் 35 கி.மீ. போய்விடும்.

இப்போது கழியுங்கள். அட்சரேகை வித்தியாசம் 3°04′, அதாவது 184 நிமிடம் (இது கோண அளவு, கடிகார நிமிடம் அல்ல). அட்சரேகையில் ஒரு நிமிடம் என்பது ஒரு கடல் மைல், 1.852 கி.மீ. ஆக 184 கடல் மைல், சுமார் 340 கி.மீ. தீர்க்கரேகை வித்தியாசம் வெறும் 2′ என்பதால் விட்டுவிடலாம். ஏறக்குறைய நேர் வடக்கே போகும் பாதை இது.

எல்லா ஜோடியும் இப்படி வசதியாக அமையாது. சேலம்–சென்னைக்கு அட்சரேகையில் 73′, தீர்க்கரேகையில் 126′. வடக்கே போகப்போகத் தீர்க்கரேகைகள் நெருங்குவதால், 126-ஐ நடு அட்சரேகையின் கொசைனால் (இங்கே 0.977) பெருக்க வேண்டும்: 123. பிறகு பிதாகரஸ்: 73, 123 இரண்டின் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 143 கடல் மைல், 265 கி.மீ.

நேரத்துக்கு வருவோம். ஜெட் வேகமான 800 கி.மீ.யால் 340-ஐ வகுத்து ‘26 நிமிடம்’ என்று காட்டுவார்கள். நம்பாதீர்கள். தூத்துக்குடி ஓடுபாதை 2025-இல் 3,115 மீட்டராக நீண்டாலும், சேலத்து ஓடுபாதை சுமார் 1,800 மீட்டர்தான். எந்த விமானம் என்பதைக் குட்டையான ஓடுபாதைதான் தீர்மானிக்கும். ஆகவே குட்டை ஓடுபாதையிலும் இறங்கும் புரொப்பெல்லர் விமானமான ஏடிஆர் 72-ஐ வைத்துக் கணக்கிடுங்கள். அதன் வேகம் மணிக்குச் சுமார் 270 கடல் மைல். 184-ஐ 270-ஆல் வகுத்து 60-ஆல் பெருக்கினால் 41 நிமிடம்.

அதோடு 25 நிமிடம் கூட்டுங்கள். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, மெதுவாக ஏறுவது, இறங்குமுன் திரும்பி நேராவது எல்லாம் இதற்குள். மொத்தம் 1 மணி 6 நிமிடம். எதிர்க்காற்று மணிக்கு 30 கடல் மைல் என்றால் இன்னும் 5 நிமிடம்.

நேரடி விமானம் இல்லாமல் சென்னை வழியாகப் போனால் கணக்கே வேறு. தூத்துக்குடி–சென்னை 286 கடல் மைல், ஒன்றரை மணி நேரம். சென்னை–சேலம் ஒரு மணி. தூரம் 340 கி.மீ.க்குப் பதில் 795. நடுவில் இரண்டு மணி நேரக் காத்திருப்பு என்றாலே நாலரை மணி நேரம், செக்-இன் தனி. இரண்டு கட்டங்களையும் ஒரே பிஎன்ஆரில் எடுங்கள். தனித்தனி டிக்கெட் என்றால் சென்னையில் பெட்டியை எடுத்து மறுபடி ஒப்படைக்க வேண்டும். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது டிக்கெட் பணம் பெரும்பாலும் போனதுதான்.